வாயை மூடிக்கொண்ட புழுக்களும் மானகிரிச் சோறும்

புழுவுக்குச் சமைத்துப் போடுவது என் வேலை என்று சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். அதனால் சொல்வதில்லை. காலேஜில் வேலை என்று மட்டும் சொல்வேன். காரைக்குடிப் பக்கம் அந்த ஒரு வார்த்தைக்கே மரியாதை உண்டு, அதற்கு மேல் யாரும் கிளற மாட்டார்கள். கிளறினாலும் எனக்குப் பதில் வராது. நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கிற ஆள் இல்லை நான். ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது. பள்ளிக்கூடத்திலேயே, தெரிந்த பதிலைச் சொல்ல எழுந்திரிக்க வெட்கப்பட்டு, தெரியாதவன் என்று பெயர் வாங்கியவன்.

காலேஜுக்கு முன் ஒரு பலகாரக் கடையில் அல்வா கிண்டிக்கொண்டிருந்தேன். விலங்கியல் பிரிவில் ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது, பிறகு புழுக்களுக்கான தீனியைக் காய்ச்சுவது. முஸ்லிம் வீடுகளில் நோன்புக்குக் கடல்பாசி காய்ச்சுவார்களே, கிட்டத்தட்ட அதே சரக்குதான். சீனிக்குப் பதில் உப்பும் வேறு ஒன்றிரண்டு பொடிகளும் போட்டு, பிரஷர் குக்கரில் வேகவைத்து, உள்ளங்கை அளவு கண்ணாடித் தட்டுகளில் ஊற்ற வேண்டும். ஊற்றும் முன் கொலஸ்டிரால் என்ற ஒன்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் இந்தப் புழு வளராதாம். அந்தச் சமயத்தில்தான் டாக்டர் என் மனைவிக்கு ரத்தத்தில் கொலஸ்டிரால் ஏறிவிட்டது, எண்ணெயைக் குறை என்று சொல்லியிருந்தார். நான் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னதும் அவள் கேட்டாள்:

“எனக்கு ஆகாதுன்னு சொன்ன சனியனை அங்குட்டுப் புழுவுக்கு அளந்து ஊத்துறீகளா?”

தட்டு இறுகியதும் நடுவில் பாக்டீரியாத் தண்ணீரைத் தோசை வார்ப்பதுபோலத் தேய்த்துவிட வேண்டும். அதுதான் புழுவுக்குச் சோறு. கடல்பாசி வெறும் இலை.

இந்தப் புழுக்களை வளர்த்தது ஒரு ஆராய்ச்சி செய்கிற பெண். பக்கத்து ஊர்க் கத்தோலிக்கக் குடும்பம், அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். நான் மேடம் என்பேன், அவர் அண்ணே என்பார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடாமல் இருந்துகொண்டு, புழு சாப்பிடுகிறதா இல்லையா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். “நான் பட்டினி, இதுக தின்னுதுக. ஆண்டவருக்கே சிரிப்பு வரும்ணே,” என்பார்.

ஒருநாள் அவராகவே என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். கண்ணாடித் துண்டுபோல ஒரு புழு. வெறும் கண்ணுக்கு ஒரு கமா அளவுகூட இருக்காது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தது. கழுத்தில் இரண்டு குமிழ்கள். பின்குமிழ் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, நெஞ்சு அடிப்பதுபோல.

“இதயமா மேடம்?”

“இதுக்கு இதயமே கிடையாதுண்ணே. தொண்டை அது. உறிஞ்சி அரைக்குது. உள்ள ஒரு மாவு மில்லு இருக்கு.”

நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புழு யாரையும் லட்சியம் செய்யாமல் தின்றுகொண்டிருந்தது. அத்தனை பெரிய கண்ணாடி வழியாக நான் அதன் வாயையே பார்க்கிறேன், அதற்கு ஒரு கூச்சமும் இல்லை. எனக்கு அதன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

ஏனென்றால் என்னால் அது முடியாது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் மனைவி தட்டை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவாள், அது எங்களுக்குள் பழகிப்போனது. காலேஜில் கழுவுகிற அறையில், கவிழ்த்துவைத்த குடுவைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பேன். கல்யாண வீடுகளில் தண்ணீர் ஜக்கைக் கையில் எடுத்துக்கொள்வேன். பந்தி பந்தியாக ஊற்றிக்கொண்டே இருப்பேன். எல்லோரும், “என்ன உதவி மனப்பான்மை பாரு இவருக்கு,” என்பார்கள். கடைசியில் அடுப்படியில் எஞ்சிய சோற்றைத் தனியாக, வயிறு முட்டத் தின்பேன். பசியில்லாதவன் இல்லை நான். பாய் விரிக்கிற சத்தம் கேட்டால் தொண்டை சாத்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் அலமாரியின் ஓரத்தில் இருந்த ஒரு பழைய தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஈர்க்குச்சி நுனிபோல மெலிந்த புழுக்கள், ஒன்றும் அசையவில்லை. செத்துவிட்டன, கழுவட்டுமா என்று கேட்டேன்.

“ஐயய்யோ, தொட்டுறாதீக! சாகல. வாயை மூடிக்கிட்டு இருக்குக.” ஒரு கம்பி நுனியால் தொட்டார். செத்த புழு குபீரென்று ஓடியது.

“ஏன் மூடிக்கிச்சு, கோபமா?” என்றேன்.

சிரித்தார். “கூட்டம்ணே. ஒவ்வொரு புழுவும் தன் உடம்புல இருக்கிற கொழுப்பை அறுத்து அறுத்து ஒரு சாமான் செய்யுது. கொழுப்பு அமிலத்துல இருந்து வர்றது. அதைத் தட்டுல கசிய விட்டுக்கிட்டே இருக்கும். ஆளு கம்மின்னா அதுவும் கம்மி. ஆளு பெருகிட்டா தட்டு பூராம் அது திக்காயிரும். குஞ்சுப் புழு அதை மோந்து பாத்து, இங்குட்டு எல்லாருக்கும் பத்தாதுன்னு முடிவு பண்ணிக்கிரும். வாயை அடைச்சிரும். தொண்டை நின்னுரும். சேத்துவச்ச கொழுப்பை வச்சே மாசக்கணக்கா அப்பிடியே கிடக்கும்.”

“பெரிய புழு?”

“அது பாட்டுக்குத் தின்னும். முடிவெடுக்கிறது எல்லாம் சின்ன வயசுலதான். வெக்கையும் சேந்துச்சுன்னா இன்னும் சீக்கிரம் மூடிரும். நம்ம ஊருல கரண்டு போற அழகுக்கு எனக்குப் பாதி புழு வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கு.”

அந்தச் சாமான் ஒன்றல்ல, ஒரே இனத்தில் பல வகை, எது எவ்வளவு வேலை செய்கிறது என்று இன்னும் முழுசாகத் தெரியாது என்றார். கூட்டமாய் இருந்த குடுவைத் தண்ணீரை வடித்து, நாலைந்து குஞ்சுகள் மட்டும் இருக்கிற புதுத் தட்டில் அவர் அதை விடுவதை நானே பார்த்திருக்கிறேன். தட்டில் இடம் இருக்கும், சோறு இருக்கும். ஆனாலும் அவை வளர்ந்து வரும்போது வாயை மூடிக்கொள்ளும். கூட்டம் வேண்டியதில்லை, கூட்டத்தின் வாடை போதும். வாயை மூடிய புழுவை எடுத்து வாடையில்லாத தட்டில், நல்ல பாக்டீரியாவில் விட்டால், காலையில் விட்டது சாயங்காலத்துக்குள் தொண்டையை அடிக்க ஆரம்பித்துவிடும். அப்படி ஒன்று ஆரம்பிக்கிற நேரம் பார்த்து மேடம் என்னைக் கூப்பிடுவார். முதலில் ஒரு துடிப்பு. நிற்கும். மறுபடி ஒன்று. அப்புறம் மோட்டார் பிடித்ததுபோல.

இப்படி நான் புழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் என் மகளுக்கு மானகிரியில் ஒரு மாப்பிள்ளை அமைந்தது. விவசாயக் குடும்பம். பையன் காரைக்குடியில் டிராக்டர் பட்டறையில் வேலை. அவர்கள் வந்து பார்த்தார்கள், நாங்கள் போய்ப் பார்த்தோம். மகளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. கேட்டதற்கு வாயால் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அவள் பாட்டுப் பாடியது தெருமுனை வரைக்கும் கேட்டது.

எங்கள் பக்கத்தில், சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் காபித் தண்ணிக்கு மேல் எதையும் தொட மாட்டார்கள். சோறு தின்றால் சம்மதம் என்று ஆகிவிடும். இரண்டு பக்கமும் மனது ஒத்துப்போன பிறகு, ஒரு நாள் பார்த்துப் பெண் வீட்டாரைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பேர். அதற்கு அப்புறம்தான் பெண்ணுக்குப் பூ வைக்க வருவார்கள். முக்கியமாக நனைய வேண்டியது பெண்ணைப் பெற்றவன் கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். நான், மனைவி, அவளுடைய அண்ணன், இன்னும் சில உறவுக்காரர்கள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. சித்திரை வெயில். ஃபேன் சுற்றியதே தவிர காற்று வரவில்லை. தண்ணீர் ஜக்கைத் தேடினேன். ஒரு பையன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான், தர மாட்டேன் என்றுவிட்டான். முதல் இலையில் என்னை உட்காரவைத்தார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, கோழி வறுவல், முட்டை. மாப்பிள்ளையின் அப்பா தன் கையாலேயே பரிமாறினார். ஆள் ஓங்குதாங்காக இருப்பார், குரலும் அப்படி. சுற்றிலும் அவர்களுடைய பங்காளிகள், பெண்கள், பிள்ளைகள், எல்லோரும் நின்று என் கையையே பார்த்தார்கள்.

“வைங்க, வைங்க. பொண்ணு அப்பாவுக்கு நல்லா வைங்க.”

பிசைந்தேன். உருட்டினேன். கவளம் கையிலேயே இருந்தது. வாய்வரை கொண்டுபோனேன், தொண்டை கதவடைத்துவிட்டது. கீழே வைத்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உருட்டினேன். யாரோ ஒரு அத்தை, “கூச்சப்படாமச் சாப்பிடுங்க,” என்றார். அந்த வார்த்தை ஒன்று போதும், மிச்சம் இருந்த வழியும் அடைபட்டது. வேர்த்து ஊற்றியது. பந்தியில் மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

கூடத்தில் என் மைத்துனர்தான் சமாளித்தார். “அவருக்கு வயிறு சரியில்லை. அவருக்கும் சேத்து நான் திங்கிறேன்,” என்று சொல்லி, சொன்னபடி செய்தார். ஆனால் கிணற்றடியில் கை கழுவும்போது ஒரு பெரியவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “கையை நனைச்சுட்டான். வாயை நனைக்கலையேப்பா.”

திரும்பி வரும் பஸ்ஸில் மனைவி வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த சில நாளில் மைத்துனர் சேதியோடு வந்தார். மானகிரியில் பூ வைக்கிறதைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவருக்கு மனசு இல்லை, மூஞ்சிக்கு நேரே சொல்லக் கூசிக்கொண்டு இலையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்று பங்காளிகள் பேசிக்கொள்கிறார்களாம். வேறு இடம் பார்க்கலாம் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறதாம்.

“ஒரு வாய் முழுங்கியிருந்தா என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?” என்று கேட்டு மனைவி பாத்திரத்தை வைத்த வேகத்தில் மூடி உருண்டு வாசல்வரை போனது.

மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

“அப்பா, உங்களுக்கு அவுகளைப் பிடிக்கலையா?”

“பிடிச்சிருக்கும்மா.”

“அப்ப அதைச் சொல்லுங்க.”

“அத்தனை பேருக்கு முன்னாடி எப்பிடிம்மா சொல்றது?”

“சொல்ல வேணாம். தின்னுட்டு வாங்க. போதும்.”

தின்னுட்டு வாங்க என்று அவள் எளிதாகச் சொல்லிவிட்டாள். நான் மறுநாள் காலேஜுக்குப் போய்க் கடல்பாசியைக் கிளறினேன். எப்படிப் போவது, போனால் என்ன சொல்வது, அவர்கள் மறுபடி பாய் விரித்தால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்து, ஒரு தடவை காய்ச்சியது அடிப்பிடித்துப் போனது. மேடம் எட்டிப் பார்த்து, “என்னண்ணே, அல்வாக் கடை ஞாபகமா?” என்றார். சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, குக்கரைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“அவுகளை நேர்ல போய்ப் பாத்துருங்கண்ணே,” என்றார். நான் தலையாட்டினேன். போகவில்லை. அன்றும் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும் போகவில்லை.

நான் போகாததால் அவர் வந்துவிட்டார். ஒரு மத்தியானம், தட்டுகளில் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், மாப்பிள்ளையின் அப்பா ஆய்வகத்து வாசலில் நிற்கிறார். உரம் வாங்கக் காரைக்குடி வந்தவர், விசாரித்து விசாரித்து உள்ளே வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“ஒரே வார்த்தை. எங்க வீட்டுச் சோத்துல என்ன கொறை கண்டீக?”

“கொறை ஒண்ணும்...”

“எம் மகனுல கொறையா? நிலத்துல கொறையா? வாய் தொறந்து சொல்லுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். எந்திரிச்சுப் போனதுக்குப் பதில் மூஞ்சியில துப்பியிருக்கலாம்.”

என் கையில் இருந்த குடுவையை மேடம் எழுந்து வந்து வாங்கி வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க ஐயா. அண்ணன் என்ன வேலை பாக்குறாகன்னு பாத்துட்டுப் பேசுங்க,” என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

அவருக்குக் கோபம் இருந்தது, ஆனால் அந்தச் சாமானைப் பார்க்கவும் ஆசை இருந்தது. குனிந்தார்.

“ஒரு மண்ணும் தெரியல. எதோ கம்பி கம்பியாத் தெரியுது.”

“அது உங்க இமை முடி ஐயா. கொஞ்சம் பின்னாடி வாங்க.”

“ஆங்... அட! அட, இது என்ன, தொண்டை அடிச்சுக்குது! தின்னுதா? பய பிசாசு மாதிரித் திங்கிறானே!”

அடுத்து மேடம் கூட்டத் தட்டை வைத்தார்.

“இது செத்துருச்சு.”

“சாகல ஐயா. வாயை மூடிக்கிட்டு இருக்கு.”

“யாரு மூடச் சொன்னது?”

மேடம் எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னார். கொழுப்பிலிருந்து கசிகிற சாமான், கூட்டம் பெருகினால் அது திக்காவது, குஞ்சுகள் வாயை அடைப்பது. அவர் நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “பக்கத்துல சோறு இருந்தாலுமா?” என்று கேட்டார்.

“சோறு இருந்தாலும்தான்.”

அப்போது நான் பேசினேன். அவருடைய முகம் மைக்ராஸ்கோப்பில் இருந்ததால்தான் பேச முடிந்தது என்று நினைக்கிறேன். அவருடைய முதுகைப் பார்த்துச் சொன்னேன்:

“எனக்கும் அப்பிடித்தான். கூட்டம்னா எறங்காது. உங்க வீட்டுல மட்டும் இல்ல, எங்கண்ணன் கல்யாணத்துலயும் எறங்கல. எங் கல்யாணத்துலயே எறங்கல.”

அவர் நிமிர்ந்தார். ஒரு கண்ணைச் சுற்றி மைக்ராஸ்கோப்பின் வட்டம் பதிந்திருந்தது. என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார்.

“இவரு சொல்றது நெசமா தாயி? புழுவுக்கு இருக்கிறது மனுசனுக்கும் இருக்குமா?”

“அதை நான் சொல்ல மாட்டேன் ஐயா. எனக்குப் புழுவைப் பத்தித்தான் தெரியும். அண்ணனைப் பத்தித் தெரிஞ்சது ஒண்ணுதான். இத்தனை வருசத்துல இவுக சாப்பிட்டு நான் பாத்ததில்ல. ஆனா டிபன் பாக்ஸ் காலியாத்தான் வீட்டுக்குப் போகும்.”

“சரி, வாயை மூடின பயலுக்கு என்ன வைத்தியம் பண்ணுவீக?”

“கூட்டம் இல்லாத தட்டுல விட்டுருவோம்.”

“அவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் தவளை அறுத்துக்கொண்டிருந்த மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “சாப்பாடு ஆச்சா உங்களுக்கு?” என்று என்னைக் கேட்டார். ஆகவில்லை. “அப்பக் கிளம்புங்க. தாயி, இவரை நான் எடுத்துக்கிட்டுப் போறேன்.”

“பத்திரம் ஐயா. அலுங்காமக் கொண்டுபோங்க,” என்றார் மேடம்.

அவருடைய மொபெட்டில், முன்னால் ஒரு யூரியா மூட்டை, பின்னால் நான். மானகிரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே போனார். காற்றில் பாதி கேட்கவில்லை. கேட்டவரைக்கும் எல்லாம் புழுவைப் பற்றித்தான். கொழுப்பெடுத்துத் திரிகிறவனைப் பார்த்திருக்கிறேன், கொழுப்பாலேயே பட்டினி கிடக்கிறவனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார்.

வீட்டில் அவருடைய மனைவி மட்டும் இருந்தார். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி எழுந்தவர், முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

“சோறு போடு,” என்றார் இவர்.

“இப்ப வந்து சொன்னா? கறியில்ல, ஒண்ணுமில்ல. கத்திரிக்காய்ப் புளிக்குழம்புதான் இருக்கு. இலைகூட இல்லையே.”

“அதான் வேணும். அடுப்படியிலயே போடு. கூடம் வேணாம், பாய் வேணாம். வச்சுட்டு நீ அங்குட்டுத் திரும்பிக்க, இவரைப் பாக்காத. நான் வாசல்ல நிக்கிறேன், ஒரு பயலை உள்ள விட மாட்டேன்.”

“பாக்காம எப்பிடிப் பரிமாறுறது?”

“கேட்டாப் போடு.”

எவர்சில்வர் தட்டில் சோறும் குழம்பும் வைத்துவிட்டு அந்த அம்மா அம்மிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, புளியில் கொட்டை எடுக்க ஆரம்பித்தார். நான் பிசைந்தேன். மகளின் சிவந்த கண் ஞாபகத்துக்கு வந்து முதலில் தொண்டை மக்கர் செய்தது. ஒரு பருக்கை அளவு உள்ளே போனது. நின்றது. இன்னொரு வாய் வைத்தேன். குழம்பில் பூண்டு தோலோடு வெந்திருந்தது, புளி அளவாக இருந்தது. மூன்றாவது கவளம் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மாவின் விரல்கள் புளியில் ஓடிக்கொண்டே இருந்தன, தலை மட்டும் லேசாகச் சாய்ந்து என் தட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்சம் குழம்பு தங்கச்சி,” என்றேன்.

அவர் திரும்பாமலேயே கரண்டியை நீட்டினார். பாதி குழம்பு தரையில் போனது. அதற்கு அவரே சிரித்துவிட்டு, திரும்பி ஒழுங்காக ஊற்றிவிட்டு, மறுபடி அம்மியைப் பார்த்துக்கொண்டார். சோறும் இரண்டாவது தடவை வாங்கினேன். வாசலில் யாரோ வந்து, என்ன விசேஷம் என்று கேட்பதும், “ஒண்ணுமில்ல, அங்குட்டுப் போடா, அப்புறம் வா,” என்று இவர் விரட்டுவதும் கேட்டது. ரசத்துக்கு நான் வந்தபோது இரண்டு மூன்று குரல்கள் ஆகிவிட்டன. எனக்கு லேசாக வேர்த்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. ரசம் போய்ச் சேர்ந்தது.

மோருக்கு மிச்சச் சோற்றையும் வைத்துவிட்டு அந்த அம்மா பானையைச் சாய்த்துப் பார்த்தார். “ஏங்க,” என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார், “பானையில ஒண்ணும் இல்ல. சாயங்காலத்துக்கு வேற ஒலை வைக்கணும்.”

வாசலில் பேச்சு நின்றது. பிறகு அவருடைய குரல், தெருவுக்கே கேட்கிற மாதிரி:

“பூ வைக்க என்னைக்கு வரலாம்னு சம்மந்தியைக் கேளு. எனக்குத்தான் உள்ள வர உத்தரவு இல்லையே.”

அந்த அம்மா இப்போது முழுதாகத் திரும்பி, என் முகத்தை நேராகப் பார்த்தார். “என்னைக்கு வரட்டும்ணே?”

எனக்கு வாய் நிறைய மோர்ச் சோறு.

“என்னைக்காம்?” என்று வாசலிலிருந்து மறுபடியும் கேட்டது.

“இருங்க,” என்றார் அந்த அம்மா. “முழுங்கட்டும்.”